எட்டிய கை

படியில் வழுக்கி விழுந்ததில் என் வலது தோள் இறுகிப்போனது. விரல்களைச் சுவரில் எறும்புபோல மேலே நகர்த்தும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தார்கள். மாதக்கணக்கில் செய்தும் கை தோளுக்கு மேலே எழவில்லை, வலிதான் மிச்சம். கைக்குழந்தையை ஒரு கையால் தூக்கியே அலுத்துப்போனேன். பயிற்சி செய்து இன்னும் கெடுத்துக்கொள்கிறேனோ என்ற பயம் வேறு. இனி செய்யமாட்டேன் என்று சொல்லத்தான் அன்று சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறினேன்.

உட்கார இடமில்லை. இடது இடுப்பில் குழந்தை. சீட்டில் இருந்த ஒரு அம்மா கை நீட்டினார்.

"பிள்ளைய இங்கன தாம்மா. என்னத்த யோசிக்க? தூக்கிட்டுப் போயிர மாட்டேன். எனக்கு வீட்டுல நாலு கெடக்கு!"

தயங்கித்தான் கொடுத்தேன். இடது தோளில் இருந்து சரிந்த பையை இடது கையாலேயே பிடிக்கப்போனபோது பஸ் சட்டென்று திரும்பியது. விழாமல் நின்ற பிறகுதான் பார்த்தேன். என் வலது கை மேல்கம்பியைப் பிடித்திருந்தது. வலித்தது, ஆனால் எட்டியிருந்தது.

"ஏம்மா, எதுக்கு அழுவுத? பிள்ள சிரிச்சிக்கிட்டுத்தான இருக்கு!"

ஆஸ்பத்திரியில் நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "அடுத்து என்ன பயிற்சி?" என்று மட்டும் கேட்டேன்.

நம்பிக்கையே இல்லாமல், அலுப்போடு செய்த நாட்களும் என் தோளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.