விடுபட்டுப் போன மூன்று எழுத்து

போன வருஷம் ஆடி மாதம். தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து, சங்கரன்கோவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காற்று மட்டும் அடங்கவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததும் ஆரம்பிக்கும் சத்தம் கரண்ட் போனால்தான் நிற்கும். அதனால் பகலில் போனில் பேசுவது என்பதே எங்களுக்குக் கிடையாது. எதுவானாலும் மெசேஜ்தான்.

என் அக்கா புளியங்குடியில், எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தாள். அத்தான் தவறிவிட்டார், மகன் துபாயில். பேசத்தான் முடியவில்லை, விளையாடவாவது செய்வோமே என்று நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். ஒருத்தி அஞ்சு எழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு, அதில் வரும் இரண்டு எழுத்தை மட்டும் சொல்ல வேண்டும். மற்றவள் அந்த எழுத்து வரும் வார்த்தைகளாக அனுப்பி அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேருமே தமிழ் மீடியம்தான். ஆனாலும் அக்கா சாமானியத்தில் விட மாட்டாள். தோற்றுப்போனால், அப்படியொரு வார்த்தையே இங்கிலீஷில் கிடையாது என்று சண்டைக்கு வருவாள்.

அன்றைக்கு நினைப்பது என் முறை. ஐ, என் இரண்டும் வரும் என்று சொல்லிவிட்டு, ஏ இரண்டு தடவை வருகிற AGAIN என்ற வார்த்தையை நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு இவள் தலைகீழாக நின்றாலும் பிடிக்க முடியாது என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் வார்த்தை வந்தது. TRIN. நாலு எழுத்துதான் இருந்தது. அவசரத்தில் ஒன்றை விட்டிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்து PINT. அதுவும் நாலு. அதற்கடுத்து வெறும் ING.

யோசித்துப் பார்த்தால் TRAIN, PAINT, SWING. எல்லாமே சரியான வார்த்தைகள், யாரோ எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தன. புதுசாக ஏதோ புதிர் போடுகிறாள் போல என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விடுபட்ட எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஏ, எஸ், டபிள்யூ. மாற்றிப் போட்டால் WAS.

‘இருந்தாள்’ என்பதற்குச் சொல்வது. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. சீ, இதென்ன கிறுக்குத்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அவளுக்குப் பதில் அடிக்கப் போனேன். அப்போதுதான் என் போன் கீபோர்டிலேயே பார்க்கிறேன், அந்த மூன்று எழுத்தும் இடது ஓரத்தில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஓஹோ, அவள் போனில் இடது பக்கம் டச் போய்விட்டது, இவ்வளவுதானா விஷயம் என்று ஆறுதலாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு மொத்தமும் ஒரே நொடியில் அமைதியாகிவிட்டது. தறிச் சத்தத்திலேயே பழகிய காதுக்கு அந்த அமைதி எப்போதுமே ஒரு மாதிரி இருக்கும். சரி, பேசியே சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

“எக்கா, ஒம் போன்ல டச் போயிருச்சு. எழுத்து விட்டு விட்டு வருது.”

“போன்லாம் நல்லாத்தாம்ட்டி இருக்கு. நான் அஞ்சு எழுத்துதான் அனுப்புதேன். ஒனக்குத்தான் எண்ணத் தெரியல.”

பேச்சு கொழகொழவென்று இருந்தது. வெற்றிலை போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“ஏட்டி, இங்கன ஆரோ வந்து உக்காந்திருக்காட்டி. எம் மடியில கைய வச்சிருக்கா.”

“ஆருக்கா?”

“தெரியல. தள்ளிவிட்டாலும் எடுக்க மாட்டேங்கா. ஐஸ் கணக்கா இருக்கு. எம் வளையல் மாதிரியே போட்டிருக்காட்டி.”

கதவைப் பற்றிக் கேட்டேன். காலையிலிருந்தே தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கிறதாம். பட்டப்பகலில், நடுவீட்டில், என் உடம்பு மொத்தமும் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊர் அம்மனை, அம்மா தாயே கோமதி என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அக்கா வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் நம்பர் என்னிடம் இருந்தது. “அண்ணாச்சி, அக்கா வீட்டுக்குள்ள எவளோ பூந்துட்டா, ஓடுங்க!” என்று கத்தினேன். திருடி என்றுதான் நினைத்தேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை. லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களோடு அவர் புறவாசல் கதவை நெம்பிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

உள்ளே யாரும் இல்லை. அக்கா மட்டும் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறாள். வாய் கோணியிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும், மடியில் கிடந்த தன்னுடைய இடது கையையே வலது கையால் காட்டி, “இவ கைய எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாளாம். அந்த மனுஷன் அதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். ஏற்றிய மூட்டையையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு, அதே வண்டியில் அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

நான் பஸ் பிடித்து ஓடினேன். மூளையின் வலது பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது, இப்படி ஆனவர்களுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, சொந்தக் கைகூட வேறு யாருடையதோ மாதிரி இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். போனின் இடது ஓரமும் அப்படித்தான் அவளுக்கு இல்லாமல் போயிருக்கிறது. “நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க. ராத்திரி வரைக்கும் விட்ருந்தீங்கன்னா கஷ்டம்” என்றார். உடம்பு சரியில்லை என்று நான் சொல்லியிருந்தால் அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு நிதானமாகத்தான் வந்திருப்பார். எவளோ புகுந்துவிட்டாள் என்று தப்பாகச் சொன்னதுதான் ஆட்களை ஓட வைத்தது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன், இடிக்கிற தறிச் சத்தத்தில் உட்கார்ந்து புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். “இது ஒங்கைதாங்க்கா” என்று காலையும் மாலையும் அந்தக் கையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டுவேன். சில நாள் நம்புவாள். சில நாள், பிள்ளை மனசு நோகக் கூடாதே என்பது போலத் தலையை ஆட்டுவாள். தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே இருக்கும், தட்டைத் திருப்பி வைப்பேன். போனைத் தொடவே மாட்டாள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், தறிக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அக்கா. பக்கத்து அறையில் இருந்துகொண்டே அனுப்பியிருக்கிறாள்.

AGAIN.

இரண்டு ஏ-யும் இருந்தன. அன்றைக்குப் பாதியில் நின்ற விளையாட்டை அவள் மறக்கவே இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். “தோத்தா அழாதட்டி” என்றாள்.

இப்போதும் தினமும் விளையாடுகிறோம், அவள்தான் ஜெயிக்கிறாள்; ஆனால் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால், சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், எழுத்து அஞ்சும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.