பெரியம்மா காலை ஷிப்டுக்குப் போனாள்

அந்தத் தெருவில் அவளைக் குடைக்காரி என்றால்தான் தெரியும். வெயில் அடிக்கிறதோ இல்லையோ, மழை வருகிறதோ இல்லையோ, தங்கை மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது குழந்தையின் தலைக்கு மேல் குடை இருக்கும். இவள் தலை நனைந்தால் நனையட்டும். தோளில் குழந்தையின் பை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். குழந்தை வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கும். குழந்தை என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். நாலாம் வகுப்பு படிக்கிற பெண்.

சும்மா சொல்லக்கூடாது, காரணம் இருந்தது. தங்கை பிரசவத்தோடு போய்விட்டாள். குறைமாதத்தில் பிறந்தது பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தது. அப்பன்காரன் வேறு ஊர், வேறு கல்யாணம் என்று கழன்றுகொண்டான். "இது தேறுமான்னு தெரியல" என்று ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னது பெரியம்மாவின் காதில் விழுந்து தொலைத்தது. அந்தப் பெண் தேறி, பல் முளைத்து, பல் விழுந்து, மறு பல்லும் முளைத்துவிட்டது. பெரியம்மா கணக்கில் மட்டும் அது இன்னும் தேறவில்லை. பாலை ஊதிக் கொடுத்தாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். குனிந்து ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். "ஓடாதே, விழுந்துடுவே. தொடாதே, சுட்டுடும். நீ இரு, நான் பண்றேன்." இதையே சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. குட்டி மட்டும் லேசுப்பட்டதா? குழாயைத் திறக்கக்கூடப் பெரியம்மாவைக் கூப்பிட்டது.

பெரியம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. குட்டி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து நடு ஷிப்டைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தாள். அந்த ஷிப்டில் எல்லாம் ஈரத்துணி. மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் மெஷின் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், வீட்டுப்பாடம். ராத்திரி படுக்கும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம் வரும். அவள் தனக்காகப் பேசிக்கொண்ட பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் பெரிய கூத்து. பெரியம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு உத்தரவு போடுவாள். "அடுப்பைச் சின்னதா வை. ஐயோ, அவ்வளவு சின்னதா இல்ல. துணியால பிடி. பார்த்து, பார்த்து!" பார்த்து என்று சொல்லி வாய் மூடுவதற்குள் டம்ளர் விழும். குட்டி அழும். கட்டுப் போட்ட கையோடு இவள் எழுந்து ஓடுவாள்.

மூன்றாம் நாள் வலி மாத்திரை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கி, பதறிக்கொண்டு எழுந்தாள். தலைமாட்டில் ஒரு தட்டில் ரொட்டி, பக்கத்தில் ஆடை படிந்த பால். சமையலறைத் தரை காய்ந்து கிடந்தது.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. நான்தான் போட்டேன்."

"சுட்டுக்கலியே?"

"கொஞ்சமா. ஊதிக்கிட்டேன்." குட்டி விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டது. "பெரியம்மா, நீ சொல்றப்பதான் எல்லாம் கொட்டுது."

அந்த வார்த்தை பெரியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அடேயப்பா, இத்தனை பேச்சு எங்கே கற்றுக்கொண்டது இது! சோதித்துப் பார்க்கிற மாதிரி, சாயங்காலம் குட்டி பால் காய்ச்சும்போது அடுப்புப் பக்கத்திலேயே போய் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் வாய் கேட்கவில்லை. "பொங்கிடும்டி" என்றாள். பொங்கிவிட்டது.

கட்டைப் பிரித்தபோது, கொஞ்ச காலத்துக்குக் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் பொல்லாதவர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்கவும் தெரியாதவர்.

"ஈரத்துணி இனிமே உங்களால ஆகாது. காலை ஷிப்ட்ல மடிக்கிற வேலை இருக்கு. இஸ்திரி மெஷின் போடுறப்பவே வந்துடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் போட்டுக்கறேன்."

மெஷின் போடுகிற நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் குட்டி தூங்கி எழும்போதே இவள் கிளம்ப வேண்டும். அது தானாகக் குளித்து, தலை வாரி, சாப்பிட்டு, வீட்டைப் பூட்டி, பெரிய ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். வேலையை விட்டால் வாடகை யார் தருவது? கூட வேலை செய்கிற நெட்டையிடம் புலம்பினாள்.

"அந்த வயசுல நான் தம்பிங்களையும் இழுத்துக்கிட்டுப் போனேன். போவாளா மாட்டாளா, விட்டுத்தான் பாரேன்" என்றாள் நெட்டை.

"அவ அப்படியில்லடி."

"நீதான் அப்படியில்ல."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் குட்டியின் முகம் வெளுத்தது. "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் பெரியம்மா. அலுப்பில் பொய்கூட வரவில்லை.

குட்டி கதவில் தொங்கிய பூட்டைப் போய்த் தொட்டுப் பார்த்தது. பிறகு, "சாவியை எங்க வச்சுக்கறது?" என்று கேட்டது.

முதல் நாள் காலை பெரியம்மா கிளம்பினாள். கிளம்பினாள் என்றுதான் பேர். தெருமுனை பஸ் ஸ்டாப்பை ஒட்டி மூடிக் கிடந்த கடையின் மறைவில் போய் நின்றுகொண்டாள். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. அதற்கு அடுத்ததையும் விட்டால் மேற்பார்வையாளர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அது தெரிந்தும் கால் நகரவில்லை. நல்ல பாதுகாப்பு!

கதவு திறந்தது. அன்றைக்கு வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து தயாராகிவிட்ட குட்டி முதுகில் பையோடு வந்தது. ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்தடியில். கதவைச் சாத்திப் பூட்டை மாட்டியது. பூட்டு விழவில்லை. மறுபடி அமுக்கியது. சாவி கீழே விழுந்தது. பெரியம்மாவின் கால்கள் அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டன. குட்டி நிமிர்ந்து பார்த்தது.

"பெரியம்மா! நீ இன்னும் போகலியா?"

"பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், நான் வந்து…"

"வராதே!" தெருவுக்கே கேட்டது. "நீ பார்த்தா என் கை நடுங்குது. நீ போ. போனப்புறம் நான் பூட்டிக்கிறேன்."

குட்டி சாவியைப் பொறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பி நின்றது. பூட்டைத் தொடவில்லை. இவள் போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. பஸ் வந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளலாமா, பஸ்ஸில் ஏறலாமா என்று ஒரு நிமிஷம் தவித்தாள். ஏறினாள்.

ஜன்னல் வழியே பார்த்தபோது குட்டி அப்படியேதான் நின்றிருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு. பஸ் திரும்பிவிட்டது. பெரியம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ராத்தூக்கம் பகல்தூக்கம் இல்லாமல் வளர்த்ததற்கு, "போ"வா? ஆத்திரம் அடங்க அடங்க உடம்பெல்லாம் வலித்தது. இத்தனை வருஷத்து அலுப்பும் அந்த சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய் அவளுக்கு இடம் விட்டார்.

சலவைப் பிரிவில் மெஷின் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தது. நெட்டை முதல் விரிப்பின் ஒரு முனையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"என்ன, ராஜகுமாரி பள்ளிக்கூடம் போயிட்டாளா?"

பெரியம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பூட்டு விழுந்ததா, ரோட்டைத் தாண்டியதா, எதுவும் தெரியாது. அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் நின்றது இதுதான் முதல் தடவை.

"போயிருப்பா" என்று சொல்லிவிட்டு, விரிப்பின் மூலைகளைப் பிடித்து இழுத்தாள்.