ஜீப் நின்றது, தேசிக்காய் நசியவில்லை

பாமன்கடைச் சந்திக்குக் கிட்ட உள்ள சோதனைச் சாவடியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். வாகனங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். போன மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போய் நின்றோம்.

நாங்கள் என்றால் — நான், என் மனைவியின் தங்கை இந்திராணி, அவளுடைய பழைய ஜீப், பின்னால் நிறைய மதியச் சாப்பாட்டுப் பார்சல்கள். இந்திராணி பிரேக்கை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தாள். ஜீப் கொஞ்சம் யோசித்தது. மூன்றாம் தரம் மிதித்து வண்டி நின்றபோது கோடு எங்களுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் ஒரு சிப்பாய், தோளில் இருந்த துப்பாக்கியை இறக்கி எங்களை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றான்.

நான் கையைத் தூக்கினேனா? தூக்கினேன். இரண்டையும்.

“பிரேக் நெத்த?” என்று கத்தினான். சிங்களத்தில் பிரேக் இல்லையா என்று கேட்கிறான். நியாயமான கேள்வி... சுடுவதற்கு முன்னால் கேட்டானே, அந்த மட்டில் புண்ணியவான்! நிற்காமல் வருகிற வாகனம் என்றால் அவர்களுக்கும் உயிர்ப் பயம்தான். பார்சல் எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்துப் பார்த்தான். எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விடும்போது சிங்களத்தில் மெல்லச் சொன்னான் — இந்த ஜீப் இன்னொரு தரம் இப்படி வந்தால் தனக்கு யோசிக்க நேரம் இருக்காதாம். அவன் மிரட்டலாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்திராணியின் கணவர் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து ஏலத்தில் எடுத்தது. எடுத்த கையோடு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். வங்கி வேலையை விட்டிருந்த இந்திராணி, வெள்ளவத்தை வீட்டில் சமைத்து, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருக்கிற ஊர்ச்சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினாள். விசாவுக்குக் காத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், சண்டையால் ஊருக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லாதவர்கள். இவ்வளவு பார்சலோடு சாவடிகளைத் தாண்டிப் போக எந்த ஓட்டோக்காரரும் சம்மதிப்பதில்லை. ஆகவே ஜீப். காலி வீதி என்கிற பெருந்தெருவில் மறித்துச் சோதிப்பது அதிகம் என்று பாமன்கடைப் பக்கத்தால் போவாள். ஓய்வு பெற்ற நான், பார்சல் எடுத்துக் கொடுக்கும் உதவியாளன்.

விஷயம் கட்டாருக்குப் போனது. “வித்துப்போட்டு விடு” என்று உடனே பதில் வந்தது. என் மனைவியும் அதையே சொன்னாள். நானும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரே கருத்தில் இருந்தது அன்றைக்குத்தான் — இந்திராணியைத் தவிர.

“வித்தால் சாப்பாட்டை ஆர் கொண்டுபோறது அத்தான்? நீங்கள் தலையில சுமப்பியளோ?”

“உயிரோட இருந்தால் சுமப்பன்.”

“அப்ப உயிரோடயும் இருப்பம், ஜீப்பிலயும் போவம். பிரேக் பிடிக்கேல்லை எண்டால் ஏன் பிடிக்கேல்லை எண்டு முதல்ல பாக்க வேணும்.”

இரத்மலானையில் ஒரு கராஜில் கேட்டோம். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு ஜீப் வாங்கலாம். இந்திராணி நன்றி சொல்லிவிட்டு வந்து, வீட்டு ஒழுங்கையிலேயே ஜீப்பை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டாள்!

கணவரின் பழைய காற்சட்டை. தலையில் ஒரு துவாய். சில்லைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கிற பிரேக் டிரம்மையும் கழற்றினாள். ஒழுங்கைச் சனம் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஒருவர் “தங்கச்சி, இது பொம்பிளையளின்ர வேலையோ?” என்றார். “இல்லை அண்ணை, நீங்கள் வந்து செய்யுங்கோ” என்றாள். அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

குறை என்ன? பின்பக்கம் அச்சிலிருந்து ஒயில் கசிந்து பிரேக் கட்டைகளை நனைத்திருந்தது. ஒயிலில் ஊறிய கட்டை எதைப் பிடிக்கும்? குழாயில் இருந்த பிரேக் ஒயிலோ கோப்பி நிறம். முன்பக்கத்தில் குறை இல்லை, ஆனால் டிரம் சின்னது. அந்தப் பாரத்துக்கு அது காணாது. இதையெல்லாம் அவள் எனக்குக் காட்டிக் காட்டி விளக்கினாள். கை மணிக்கட்டு வரை கறுப்பாகியிருந்தது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு பஞ்சிகாவத்தை. பழைய உதிரிப்பாகம் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இவளுக்கு ஒரு யோசனை — இதே கொம்பனியின் பெரிய ஜீப்புக்குப் பெரிய டிரம் இருக்கும், அது இதற்குப் பொருந்தாதா? டிரம்முக்குப் பின்னால் வருகிற தட்டைக் கழற்றி மரக்கறி வாங்குகிற பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடை கடையாக அதை நடைபாதையில் வைத்து, அவர்களுடைய தட்டை மேலே வைத்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக வருகிறதா என்று பார்த்தாள். “மல்லி, இன்னொண்டு எடுங்கோ... மல்லி, அதையும் எடுங்கோ...” பாதி தமிழ், பாதி சிங்களம்; மல்லி என்றால் தம்பி. வெயில் கொளுத்தியது. நான் நிழல் தேடி நின்றேன். கடைசியில் ஒரு கடையில் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. நடுத்தெருவில் கை தட்டினாள்!

டிரம்மும் தட்டும் பழையது வாங்கினாள், லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்தாள். கட்டைகள் எல்லாவற்றுக்கும் புது லைனிங் அடித்தாள். ஆனால் ரப்பர், ஹோஸ், சீல், பிரேக் ஒயில் — இவற்றில் ஒரு சதம் மிச்சம் பிடிக்கவில்லை. எல்லாம் புதிது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனை பேர்? கலியாண வீட்டுக்குப் பந்தல் பெரிதாய்ப் போட்டுவிட்டு, சாம்பாரில் தண்ணீர் விடுகிற சனமல்லவா நாங்கள்!

குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றும் வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது. நான் சீட்டில் இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், அவள் கீழே படுத்துக்கொண்டு திருகுவாள். “பிடியுங்கோ அத்தான்... பிடிச்சுக்கொண்டிருங்கோ... ஓம், இப்ப விடுங்கோ!” கால் மரத்துப் போகும் வரை மிதித்தேன். முடிவில் பெடல் கல்லுப்போல் நின்றது.

திருத்தின வாகனத்தைப் பூசை போடாமல் ஓடலாமா? என் மனைவி விடுவாளா? ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடிக்குப் போனோம். ஐயர் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார், கற்பூரம் காட்டினார். “எடுங்கோம்மா” என்றார். சில்லு உருண்டு தேசிக்காய் நசிய வேண்டும், அதுதான் முறை. இந்திராணி கிளச்சை விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஐயர், நிலத்தில் வைத்த கற்பூரத் தட்டை எடுக்க ஜீப்புக்கு முன்னால் குனிந்துவிட்டார்!

இந்திராணி பிரேக்கில் கால் வைத்தாள். ஒரே ஒரு தரம். ஜீப் அப்படியே நின்றது. என் நெற்றி கண்ணாடியில் முட்டியது. இறங்கிப் பார்த்தால், சில்லு தேசிக்காயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தேசிக்காய்க்கு ஒரு கீறல் இல்லை.

“ஐயோ, நசியேல்லை! சகுனம் சரியில்லை” என்று என் மனைவி தலையில் கை வைத்தாள்.

ஐயர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தார். “நான் நசியலையேம்மா, அது போதாதா?”

திரும்பவும் வைத்து நசிப்போம் என்றாள் மனைவி. இந்திராணி கேட்கவில்லை. அந்தத் தேசிக்காயை எடுத்துக் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும் அக்கா. இதுதான் எனக்குச் சேர்டிபிக்கட்.”

அடுத்த நாள் மதியம் பாமன்கடை. எங்களுக்கு முன்னால் வெள்ளைக் கோடு. அதே சிப்பாய். ஜீப்பைக் கண்டதும் அவன் கை துப்பாக்கி வாருக்குப் போனது. நான் இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டேன். இந்திராணி வாய்க்குள் முருகா என்றாள், காலை வைத்தாள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். நன்றாகவே இந்தப் பக்கம். தேசிக்காய் கொஞ்சம் அசைந்து, இருந்த இடத்திலேயே இருந்தது.

சிப்பாய் கோட்டைப் பார்த்தான். சில்லைப் பார்த்தான். வாரிலிருந்து கையை எடுத்தான். “தென் பிரேக் தியெனவா!” — இப்போது பிரேக் இருக்கிறது! பிறகு? பிறகு வழக்கம்போல எல்லாப் பார்சலையும் இறக்கச் சொன்னான். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். பிரேக் திருந்தினால் நாடு திருந்திவிடுமா?

போகும்போது தேசிக்காயைக் காட்டி, அது என்னத்துக்கு என்று கேட்டான். வெயிலில் அவன் உதடு வெடித்திருந்தது. இந்திராணி அதை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை அங்கேயே வெட்டித் தண்ணீர்ப் போத்தலுக்குள் பிழிந்தான்.

நசியாத தேசிக்காய் கெட்ட சகுனம் என்று என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.