விறகுக்கத்திக்குத் தக்காளிக் கூர்

தெருவில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். தொழில் சாணை பிடிப்பது. கத்தி, கத்தரிக்கோல், கோடரி எது வந்தாலும் வாங்குவார், தீட்டுவார், கொடுப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கும் பதில் கிடைத்ததில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. மனைவி இறந்தபின் அந்த அறைக்குள் போகவே அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே இருந்த அமைதி அவரைத் தின்றது.

ஒரே மகள் ஊரின் மறுகோடியில் ரொட்டிக்கடை நடத்திவந்தாள். விறகு அடுப்பு. கட்டைகளைச் சன்னமாகப் பிளக்கக் கனத்த வெட்டுக்கத்தி ஒன்று வைத்திருந்தாள். அது மழுங்கினால் அப்பாவிடம் வருவாள். மழுங்காவிட்டால்? கடை, பிள்ளைகள், மாமியாரின் முட்டுவலி. அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

இங்கேதான் மனிதர் ஒரு காரியம் செய்தார். விறகு வெட்டும் கத்திக்கு விளிம்பு தடித்திருக்க வேண்டும். இரு பக்கமும் லேசாக உப்பி வந்து கடைசியில் கூர் சேர வேண்டும். அப்போதுதான் அது கட்டையைத் தள்ளிப் பிளக்கும், சிக்காது, கணுவில் பட்டாலும் தாங்கும். தக்காளி நறுக்கும் கத்தியைப்போலத் தட்டையாக, சன்னமாகத் தேய்த்தால் காகிதத்தைக்கூட அறுக்கும், ஆனால் விறகில் நாலு நாள் நிற்காது. இது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சன்னமாகத் தேய்த்தார். மகள் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “உங்க கை மாதிரி வராதுப்பா” என்று மெச்சிக்கொண்டு போவாள். அடுத்த வாரமே கத்தியும் கையுமாக வந்து நிற்பாள். சாணை சுற்றும் நேரமெல்லாம் அவள் பேசுவாள், இவர் “ம்” கொட்டுவார். ஒரு “ம்” கொட்டுவதற்குத்தான் இத்தனை திருட்டுத்தனமும்! பெற்ற மனம் பித்து என்பார்கள். இவருக்கு அந்தப் பித்து கைக்கு இறங்கிவிட்டது.

ஒரு நாள் அவள் கண்ணுக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு வந்தாள்.

“என்னம்மா இது?”

அவராக ஒன்று கேட்டதே அவளுக்கு ஆச்சரியம். “ஒண்ணுமில்லப்பா. கணுவுல பட்டு, கத்தி விளிம்பு பேந்து தெறிச்சுடுச்சு. கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னாரு டாக்டரு. காய்ஞ்ச கட்டை, கத்தியை என்ன குத்தம் சொல்றது?”

அடப்பாவி மனுஷா! கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? விழுங்கிவிட்டுச் சாணையை ஓட்டினார்.

பள்ளம் மறையும்வரை தேய்த்தார். பிறகு கத்தியைச் சாய்த்துச் சாய்த்து உருட்டி, பக்கங்களை உப்ப விட்டு, விளிம்பைத் தடிமனாகக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு முறை கை தானாகப் பழைய சாய்வுக்குப் போயிற்று. ‘சீ’ என்று தன்னையே அதட்டித் திருப்பிக்கொண்டார். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். சின்னவனுக்குப் பல் விழுந்ததாம், மாவு மிஷின் மக்கர் பண்ணுகிறதாம். அவர் “ம்” கூடக் கொட்டவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

தீட்டி முடித்ததும் வாசலில் கிடந்த கட்டையில் அவள் ஓங்கி ஒரு போடு போட்டாள். கட்டை இரண்டாக விலகி விழுந்தது.

“அடேயப்பா! இது எத்தனை நாளைக்குப்பா வரும்?”

“வருஷக்கணக்கா வரும். நடுவுல மழுங்கினா நீயே கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துக்கோ. போதும்.”

“அப்பாடா!” மகள் மனசாரச் சிரித்தாள். “இனிமே ரெண்டு பஸ் மாறி இங்க அலைய வேண்டாம்.”

“ஆமாம்மா,” என்றார். “அலைய வேண்டாம்.”

பஸ்ஸில் யார்மீதும் பட்டுவிடாதபடி கத்தியைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். அன்றைக்கு அந்த ஒரு முடிச்சைப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.