கோழிக்கால் யார் பக்கம்?

கண்டி ஃபுட் கோர்ட்டில், ஹலாலா என்று மூன்று தடவை கேட்டபிறகே சீன நூடுல்ஸ் வாங்கினோம். மகளுக்கும் எனக்கும் ஒரே கோப்பை. நான் இழுத்த நூடுல்ஸ் அவள் பக்கத்திலிருந்து நீண்டு வர, பதறிப்போய் விட்டுவிட்டேன்.

சின்ன வயதில், கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹனை, அந்தப் பெரிய வட்டத் தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். தன் முன்னால் இருப்பதை மட்டுமே தொடவேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. அலவத்துகொடை ஊரில் ஒரு கலியாணத்தில், பெரிய கோழிக்கால் எனக்கும் மாமிக்கும் நடுவில் கிடந்தது. ஆசை ஒருபுறம், பயம் மறுபுறம். அதைப் பார்த்தபடியே வெறுஞ்சோற்றைத் தின்றேன்.

“என்ன மகள், அப்படிப் பாக்கிற?” என்றார் மாமி.

“அது ஒங்கட பக்கம், மாமி.”

“செத்த கோழிக்குப் பக்கம் தெரியுமா? எடுத்துத் தின்னு!”

இதை மகளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, கோப்பையில் என் பக்கத்திலிருந்த இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.