நின்றபடி சொன்ன குற்றம்

அந்தச் சின்னத் தகரச் சிலுவை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றப்பட்டு, கம்யூனிஸ்ட் கட்சியின் சிவப்பு உறுப்பினர் அட்டையோடு ஒரே இழுப்பறையில் கிடந்தது. கெல்சென்கிர்ச்சனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவை இரண்டும் ஒரே மூதாட்டிக்குச் சொந்தம். ரஷ்யாவில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்து, மகளோடு ஜேர்மனிக்கு வந்தவர். எண்பது தாண்டியும் தன் கட்டிலைத் தானே விரிப்பார். யாராவது பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

உடம்பு மோசமானபோது, பாதிரியாரை அழைக்கட்டுமா என்று மகள் கேட்டார். ரீச்சர் மறுத்துவிட்டார். நம்பாத கடவுளின் ஆளிடம் எதைச் சொல்வது? கட்சி இருந்திருந்தால் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருப்பார். அதுவும் இல்லை. மிஞ்சியது, காலையில் காலுறை போட்டுவிட வரும் நான்.

அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கட்சியிலும் சரி, தேவாலயத்திலும் சரி, தங்கள் ஊரில் குற்றத்தை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்றார். சட்டைக்குள் சிலுவை போட்டு வந்த ஒரு சிறுமியை வகுப்பின் முன் நிறுத்தி, அதை இழுத்து அறுத்திருக்கிறார்; இழுப்பறையில் கிடந்தது அதுதான். மேலிடத்துக்கும் எழுதிப் போட்டார். பிள்ளையின் தாய்க்கு வேலை போனது. "அப்போது சரியென்றே நினைத்தேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள், நான் செய்தது என்ன?"

அவர் விழுந்துவிடுவாரோ என்பதுதான் எனக்குக் கவலை. "முதலில் உட்காருங்கள். அது எப்போதோ நடந்தது, இப்போது ஏன் யோசிக்கிறீர்கள்?" என்று முதுகைத் தடவினேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

உட்கார்ந்தார். என்னையே பார்த்தார். "கட்சி என்னைக் கண்டித்திருக்கும். பாதிரியார் என்னை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார். நீங்கள் தடவிக் கொடுக்கிறீர்கள்" என்றவர், காலுறை போடக் காலை நீட்டினார். அதன்பின் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் மனைவி கேட்டாள்: "பிழை எண்டு ஒருத்தர் சொல்லவேணும் எண்டுதானே அவ கேட்டவ? அது கூட உங்களுக்கு ஏலாமப் போச்சுதோ?"

ஓம், ஏலாமல்தான் போனது. நல்லவனாக இருப்பது எனக்கு அவ்வளவு சுலபமான பழக்கமாகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன கோடையில் இங்குள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, சனநெரிசலுக்குள் நின்று, அவரோடு பேசிய ஜேர்மன் மொழியில் வாய்விட்டே சொன்னேன்: "ரீச்சர், நீங்கள் செய்தது பெரிய பிழை." பக்கத்தில் நின்றவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.