துரை தங்கின குடிசை

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்துவிடும். காரிமங்கலம் சந்தைக்குப் போனால் கருவாட்டுக் கடை இருக்கிற பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் காவிரி நடுவே ஒரு மணல் திட்டில், வௌவால் குடியிருந்த புல் குடிசையில் வைத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

எங்கள் வீட்டுக்காரர் மூங்கில் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. காட்டில் வெட்டின மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள். ஒகேனக்கல் அருவிக்கு மேலே இருந்த அந்தத் திட்டில் அதைப் பிடித்து நிறுத்தி, எண்ணி, கரையேற்றி, வண்டியில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். திட்டில் இருந்த ஆள் காய்ச்சல் கண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டான். முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுப் போய் அடுத்த அமாவாசை வரைக்கும் இருந்து பாரு. அவளுக்கு ஒத்துவந்தா அங்கியே குடும்பம் நடத்து. இல்லீன்னா மொரப்பூர் மண்டியில ஒக்காந்துக்க" என்றார்.

மொரப்பூர் மண்டி என்றால் மாமியார் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மாமியார் வீடு என்றால் எனக்கு அந்த வட்டில்.

அதைச் சொல்லிவிடுகிறேன். புருஷன் சாப்பிட்ட வட்டிலைக் கழுவாமல் அதிலேயே போட்டுச் சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பல வீடுகளில் அது இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். களியை உருட்டிக் குழம்பில் புரட்டி, முருங்கைக்காயைச் சப்பித் துப்பி, கடைசியில் மோர் ஊற்றி வட்டிலையே ஒரு வழித்தல் வழிப்பார். அதில் ஓர் உருண்டையைப் பிசைந்து ஓரத்தில் எனக்கென்று வைத்துவிட்டு எழுந்திருப்பார். அது பாசமாம். மாமியார் எதிரே உட்கார்ந்து, முதல் வாய் என் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். "புருசன் எச்சில் தின்னாத்தான் வூடு வெளங்கும்" என்பார். மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குவேன். இரண்டு வருஷமாக எனக்குப் பசி என்று ஒன்று வந்ததேயில்லை.

அதனால் திட்டு என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். அதிலும் அது துரை தங்கின குடிசையாம். யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார துரை வெயில் காலத்தில் தூண்டில் போட வருவாராம். அவரைக் குளிர வைக்க முதலாளி மூன்று குடிசை போட்டுக் கொடுத்தாராம். ஊரில் எல்லோரும், "உனக்கென்ன, துரை படுத்த எடத்துல படுக்கப் போற" என்றார்கள். மாமியாருக்கே கொஞ்சம் பொறாமை. நாற்காலியும் கண்ணாடியும் இருக்கும் என்று நானும் நம்பினேன். வெள்ளைக்காரன் தங்கின இடம் என்றால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. அது எவ்வளவு பெரிய பொய் என்று பரிசலிலேயே தெரிந்துவிட்டது.

எருமைத்தோல் கட்டின பரிசல். நனைந்து நனைந்து, காய்ந்து காய்ந்து, செத்து மூன்று நாளான மாட்டின் வாசம் அதில் நிரந்தரமாக இருந்தது. அடியில் தேங்கின தண்ணீரில் மீன் குடல் மிதந்தது. பரிசல்காரர் எதிர்க்கரைக்காரர், கன்னடக்காரர். "ஊட்டா ஆச்சாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சாப்பிட்டாயா என்கிறார். சாப்பிட்டது மேலே வந்துவிடப் போகிறதே என்று நான் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

குடிசைகளைச் சொல்ல எனக்கு இப்போதும் குமட்டுகிறது. பிளந்த மூங்கில் சுவர், மேலே புல். துரை போனபிறகு வௌவால் வந்திருக்கிறது. தரை முழுக்க அதன் புழுக்கை, காலடி வைத்தால் மெத்தென்று அமுங்கும். துரையின் கயிற்றுக் கட்டில் அப்படியே இருந்தது. தட்டினேன், மூட்டைப்பூச்சி பொலபொலவென்று உதிர்ந்தது. குடிசைக்குப் பின்னால் அவர் தின்றுபோட்ட தகர டப்பாக்கள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் புழு நெளிந்தது. அவருக்கு மீன் அறுத்த பாறை ஒன்று உண்டு. செதிலும் ரத்தமும் பல வருஷமாக அதில் படிந்து தார் பூசின மாதிரி இருந்தது. மற்ற பாறைகளெல்லாம் நீர்நாய்களுக்குச் சொந்தம். நீர்நாய் தண்ணீரில் விளையாடும்போது பார்க்க அழகுதான். கரையேறிப் பாறைமேல் அது போடுகிறதைத்தான் தாங்க முடியாது. மீனைத் தின்று மீனாகவே போடுகிற பிராணி அது. பெண்பிள்ளை ஒதுங்க அந்தப் பாறைகளைத் தவிர வேறு மறைவும் இல்லை. இருட்டுப் பிரியுமுன் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு போவேன். துரை இதில் எப்படிக் காலம் தள்ளினார் என்று அங்கே நின்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவருக்கு மூக்கு சிவப்பாக இருந்திருக்கும், வேலை செய்திருக்காது.

இத்தனைக்கும் மேலே ஊறின மூங்கில். பூச்சி விழாமல் இருக்க மூங்கிலைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அது அழுகினால் வருகிற வாசம் கஞ்சித் தண்ணீர் புளித்த வாசத்தில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். களியில் மணல், குழம்பில் ஈ. படுத்தால் தலைக்கு மேலே வௌவால் கீச்சென்று சண்டை போடும்.

எங்கள் வீட்டுக்காரர் பொழுதன்னைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெப்பம் எண்ணிவிட்டு வருவார். "என்ன புள்ள, நாத்தம் அடிக்குதா?" என்பார்.

"இல்லீங்க."

"வௌவாலு தொந்தரவா இருக்குதா?"

"அது பாட்டுக்கு அது கெடக்குதுங்க."

"தாங்கலீன்னா சொல்லிப்போடு. மனசுல வெச்சுக்காத."

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். முகம் சுளித்தால் மண்டிக்குப் போய்விடுவோம், மண்டிக்குப் போனால் மாமியார், மாமியார் என்றால் வட்டில். அதனால் குடலைப் புரட்டும்போதெல்லாம் சிரித்தேன். ஒரு நாள் மூட்டைப்பூச்சி என் கழுத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அதைத் தட்டாமல் பேசினேன்.

அவ்வளவு ஏன் பொறுத்தேன் என்றால், முதல் நாளே ஒன்று நடந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல உருண்டையை வைத்துவிட்டு, தெப்பம் வந்துவிட்டது என்று ஆற்றுப் பக்கம் ஓடினார். எதிரே யாரும் இல்லை. நான் அந்த வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திட்டின் மறுபக்கம் எடுத்துப் போனேன். உருண்டையை வீசினேன், மீன் வந்து கவ்விக்கொண்டு போனது. மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். எங்கள் ஊரில் ஒரு சொம்புத் தண்ணீரில் வட்டில் கழுவுகிறவள், ஆற்றையே விட்டுக் கழுவினேன். அந்த வட்டிலில் களி போட்டு, வௌவால் புழுக்கைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். பசிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் திரும்பக் கண்டுகொண்டேன். அதிலிருந்து தினமும் அப்படித்தான், அவருக்குத் தெரியாமல்.

அமாவாசையன்று முதலாளி பரிசலில் வந்து இறங்கினார். இறங்கினதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முதலாளி முன்னால் வந்து நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. நான் குடிசைக்குள் தட்டி மறைவில் நின்றேன்.

"என்னப்பா, எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. அவளுக்குத்தான் ஒத்துக்கலீங்க. நாத்தம் தாங்காம தெனமும் அழுவுறா. மண்டிக்கே வந்தர்றங்க. எங்கம்மாளும் ஒத்தையில கெடக்குது."

நான் அழுதேனாம். எந்தக் கண்ணால் அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இவர் என்னைச் சோதிக்கவில்லை. ஒரு தடவையாவது நான் மூக்கைப் பொத்த மாட்டேனா என்று காத்துக் கிடந்திருக்கிறார். நான் பொத்தினால் அதைச் சாக்காக வைத்து அம்மா கை களிக்குத் திரும்பிப் போகலாம். நான் பொத்தவில்லை, அதனால் என் மூக்கை அவரே பொத்திவிட்டார். அந்தத் திட்டில் வந்த நாளிலிருந்து எத்தனையோ அருவருப்பைப் பார்த்துவிட்டேன். அந்தப் பெருமூச்சு மாதிரி ஒன்றைப் பார்க்கவில்லை.

முதலாளி, "பொம்பளப் புள்ள, பாவம். சரி, அப்ப..." என்று ஆரம்பித்தார்.

தட்டிக்குப் பின்னாலிருந்து என் குரல் போனது. "எனக்கு ஒண்ணும் நாறலீங்க. நான் அழுவவும் இல்லீங்க. இங்கியே இருந்துக்கறமுங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நாய் வித்த காசு குலைக்குமா, கருவாடு வித்த காசு நாறுமான்னு சொல்லுவாங்க. உம் பொஞ்சாதிக்கு அது தெரிஞ்சிருக்குது. உனக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு, நாற்றம் பொறுக்காமல் உடனே பரிசல் ஏறிப் போய்விட்டார்.

பரிசல் பாதி ஆறு போகும் வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர் அங்கேயே நின்றார். உள்ளே வந்ததும், "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இந்த நாத்தத்துல மனுசன் குடியிருப்பானா?" என்றார்.

"அடிக்குதுங்களா? இத்தன நாளா நீங்க சொல்லவே இல்லீங்களே."

வட்டிலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். களி போட்டேன். சாப்பிட்டார், வழித்தார், பழக்கதோஷத்தில் ஓர் உருண்டையைப் பிசைந்து ஓரத்தில் வைத்தார். தெப்பம் எதுவும் வரவில்லை. எழுந்து போக இடமில்லாமல் அங்கேயே இருந்தார்.

நான் வட்டிலை எடுத்துக்கொண்டு அவர் கண்ணெதிரே ஆற்றுக்குப் போனேன். உருண்டையை மீனுக்கு வீசினேன். மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, எனக்குக் களி போட்டுக்கொண்டேன். வட்டிலின் ஓரத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டுச் சாப்பிட்டேன்.